முதல் கணினிக்கு எந்தக் கூலர், எந்தக் கேபினட்?

முதல்முறை கணினி அசெம்பிள் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பட்ஜெட் போடுவார்கள். ப்ராசசர், கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி என்று வரிசையாகப் போய், மீந்த காசில் கேபினட்டும், ப்ராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரும். கேபினட் என்றால் முன்பக்கம் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு. கூலர் என்றால் “லிக்விட் கூலிங் போட்டுடலாம் சார்” என்று கடையில் சொல்வது. என்னைக் கேட்டால், இந்த இரண்டில் முதலில் முடிவு செய்ய வேண்டியது கேபினட்டைத்தான். காற்று நன்றாக ஓடும் கேபினட்டில் நடுத்தர விலைக் கூலரே போதும். காற்று புகாத பெட்டியில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கூலரும் திணறும்.

ஏன் என்று புரிய, சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்த்துவிடலாம்.

ப்ராசசர் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகத்தான் வெளிவரும். ஏஎம்டியின் ரைசன் 5 7600 ப்ராசசர் முழு வேகத்தில் ஓடும்போது 88 வாட் வரை இழுக்கும். அதில் பெரும்பகுதி, கணக்குப் போடும் ஒரு சிலிக்கான் துண்டிலிருந்து வருகிறது. அதன் பரப்பு ஏறக்குறைய 70 சதுர மில்லிமீட்டர்தான், ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அவ்வளவு சின்ன இடத்தில் கிளம்பும் சூட்டை உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும். சிலிக்கானிலிருந்து அதன் மேலுள்ள உலோக மூடிக்கு, மூடியிலிருந்து தெர்மல் பேஸ்ட் வழியாகக் கூலரின் அடிப்பாகத்துக்கு, அங்கிருந்து ஹீட்பைப் குழாய்கள் வழியாக அலுமினியத் தகடுகளுக்கு என்று சூடு நகர்கிறது.

ஹீட்பைப் பார்க்க வளைத்த செம்புக் கம்பி போலத் தெரியும், ஆனால் உள்ளே கூடு. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் நீர் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் நீர் சீக்கிரமே ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே சூட்டை இறக்கிவிட்டு மறுபடி நீராகும். பிறகு குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் படலம் வழியாக அடிப்பாகத்துக்கே வந்து சேரும். ஆக, சாதாரண ஏர் கூலருக்குள்ளும் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மோட்டார் இல்லாமலே.

தகடுகளுக்கு வந்த சூட்டை ஃபேன் காற்றில் கலந்துவிடுகிறது. அந்தக் காற்று கேபினட்டை விட்டு வெளியேறினால்தான் வேலை முடிந்தது. நிறையப் பேர் கோட்டை விடுவது இந்தக் கடைசிப் படியில்.

அறைச் சூட்டைக் கணக்கில் சேருங்கள்

ஏர் கூலரோ லிக்விட் கூலரோ, தன்னிடம் வரும் காற்றை விடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. ஒரு கூலர் குறிப்பிட்ட வேலையில் ப்ராசசரை, உள்ளே வரும் காற்றை விட 50 டிகிரி மேலே நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று 22 டிகிரி என்றால் ப்ராசசர் 72. அதே காற்று 35 டிகிரி என்றால் 85. கூலரில் ஒரு குறையும் இல்லை.

யூடியூபில் பார்க்கும் வெளிநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் செய்யப்படுபவை. சென்னையில் மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தொடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் ஏசி இல்லாவிட்டால் 34, 35 டிகிரி சர்வசாதாரணம். அதனால் அந்த வீடியோக்களில் வரும் எண்ணோடு பத்துப் பன்னிரண்டு டிகிரி கூட்டித்தான் நம் வீட்டுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். சீலிங் ஃபேன் ஓடுகிறதே என்று கேட்கலாம். நமக்கு அது குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம் வியர்வை ஆவியாவது. கணினிக்கு வியர்க்காது. அறைக் காற்றின் சூடு ஃபேனால் குறைவதில்லை.

இன்னொரு பக்கம், கணினி வெளியே தள்ளும் சூடு அந்த அறையிலேயேதான் சுற்றும். கேம் ஆடும்போது 300 வாட் இழுக்கும் கணினி, அந்த 300 வாட்டையும் அறைக்குள் விடும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் வெளியிடும் வெப்பம் சுமார் 100 வாட். கதவைச் சாத்திய சின்ன அறையில் ஒரு மணி நேரத்தில் வித்தியாசம் நமக்கே தெரியும்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை அப்படியே நம்பக் கூடாது

ப்ராசசர் பெட்டியிலும் இணையதளத்திலும் டிடிபி என்று, கூலர் எவ்வளவு வெப்பத்தைச் சமாளிக்க வேண்டும் என்பதை வாட்டில் சொல்லும் ஒரு எண் இருக்கும். கூலர் வாங்க எல்லாரும் பார்ப்பது அதைத்தான். ஆனால் ப்ராசசர் உண்மையில் இழுக்கும் அதிகபட்ச அளவு வேறு. ரைசன் 5 7600 பெட்டியில் 65 வாட், இழுப்பது 88 வரை. ரைசன் 5 7600எக்ஸ் 105 என்று சொல்லும், 142 வரை போகும். இன்டெலில் கோர் ஐ5-12400எஃப் அடிப்படையாக 65 வாட், டர்போவில் (வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும்போது) 117. கோர் ஐ9-14900கே 125 என்று ஆரம்பித்து 253 வரை ஏறும். இன்டெல் தன் தளத்தில் இரண்டு எண்களையும் தனித்தனியாகவே கொடுக்கிறது. பார்க்க வேண்டியது பெரிய எண்ணை.

இதோடு ஒரு பயத்தையும் தீர்த்துவிடலாம். 7600எக்ஸ் வாங்கியவர்கள் முதல் நாளே 95 டிகிரியைப் பார்த்துப் பதறுவார்கள். அந்த வரிசை ப்ராசசர்கள் கடும் வேலையில் 95 டிகிரி வரை போய், அந்த எல்லைக்குள் எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவு ஓடும்படிதான் ஏஎம்டி வடிவமைத்திருக்கிறது. எல்லையைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்து போகாது. எனவே டிகிரியை மட்டும் பார்த்துப் பயனில்லை. அந்த டிகிரியில் எத்தனை கிகாஹெர்ட்ஸ் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீடியோ ரெண்டர் போன்ற வேலையில் 95 பரவாயில்லை. சாதாரண கேமிலேயே 95 வந்து நின்றால் எங்கோ தப்பு இருக்கிறது.

சரி, எந்தக் கூலர்?

கேம், படிப்பு, கொஞ்சம் எடிட்டிங் என்று முதல் கணினி கட்டும் பெரும்பாலோர் வாங்குவது 12400எஃப், ரைசன் 5 5600, 7600 ரகம்தான். இவற்றோடு பெட்டியிலேயே ஒரு கூலர் வரும். அது வேலைக்கு உதவாது என்று சிலர் சொல்வது அநியாயம். ஏசி அறையில் அலுவலக வேலைக்கும் லேசான கேமுக்கும் அது போதும். ஆனால் 35 டிகிரி அறையில், கடும் வேலையில், அந்தச் சின்ன ஃபேன் முழு வேகத்தில் கத்தும். சத்தம் பிடிக்காதவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றினால், நான்கு ஹீட்பைப்பும் ஒரு 120 மி.மீ. ஃபேனும் உள்ள ஒற்றை டவர் கூலர், அதாவது தகடுகளைக் கோபுரம் போல அடுக்கியது. டீப்கூல் ஏகே400 இந்த ரகத்துக்கு நல்ல உதாரணம். 117 வாட் வரை கவலையே வேண்டாம். 7600எக்ஸ் போன்றவற்றுக்கு ஆறு ஹீட்பைப், இரட்டை டவர் வைத்தால் நிம்மதி. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ அந்த வகை. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ஈக்கோ மோடு போட்டு வாட்டைக் குறைத்துவிட்டால் 7600எக்ஸுக்கும் ஒற்றை டவரே தாராளம். வேகத்தில் இழப்பது சொற்பம், கேமில் தெரியவே தெரியாது.

லிக்விட் கூலர் என்பது ப்ராசசர் சூட்டைப் பம்ப் மூலம் நீரில் ஏற்றி, குழாய் வழியாக ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஃபேனால் ஆற்றுவது. அதைப் பொறுத்தவரை, முதல் கணினிக்கு அது அநேகமாகத் தேவையில்லை என்பதுதான் என் தீர்மானம். 253 வாட் இழுக்கும் ஐ9 வாங்குபவருக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் நியாயமான செலவு. டவர் கூலரின் உயரத்துக்கு இடமில்லாத கேபினட்டிலும் அது ஒரு வழி. மற்றபடி 240 மி.மீ. லிக்விட் கூலருக்கும் நல்ல இரட்டை டவருக்கும் இருக்கும் வித்தியாசம் சில டிகிரிதான், விலையோ பெரும்பாலும் அதிகம். ஆயுள் கணக்கும் இருக்கிறது. டவர் கூலரில் பழுதாகக் கூடியது ஃபேன் ஒன்றுதான். புதிதாக ஒன்று வாங்கிக் கிளிப்பை மாட்டினால் முடிந்தது. லிக்விட் கூலரில் பம்ப் நின்றால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். ரப்பர் குழாய் வழியாக உள்ளே இருக்கும் நீர் வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டும் வரும். கடையில் இயக்கிக் காட்டும் ஐந்து நிமிடச் சோதனையில் லிக்விட் கூலர் எப்போதுமே அழகாகத் தெரியும். நீர் சூடேறவே நேரம் பிடிக்கும் என்பதுதான் அதன் ரகசியம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை எண் வரும்.

வாங்குமுன் மூன்று அளவுகளைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, சாக்கெட், அதாவது மதர்போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம். இன்டெல் எல்ஜிஏ 1700 சாக்கெட்டின் திருகு துளைகள் 78 மி.மீ. இடைவெளியில் இருக்கும், அதற்கு முந்தைய எல்ஜிஏ 1200இல் 75. பழைய கூலரை அப்படியே எடுத்து மாட்ட முடியாது, தனி கிட் வேண்டும். இரண்டாவது, உயரம். ஏகே400 155 மி.மீ., நாக்டுவா என்ஹெச்-டி15 165 மி.மீ. கேபினட்டின் விவரப் பட்டியலில் கூலருக்கு எவ்வளவு உயரம் இடம் இருக்கிறது என்று போட்டிருப்பார்கள். ஒல்லியான கேபினட்டில் பக்கவாட்டுக் கண்ணாடி மூடாமல் நிற்பது இதைப் பார்க்காததால்தான். மூன்றாவது, ரேம். தலையில் உயரமான தகடு வைத்த ரேம், கூலர் ஃபேனோடு இடிக்கலாம்.

கேபினட்: காற்று வரவும் வேண்டும், போகவும் வேண்டும்

வீட்டில் ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்தால் காற்று வராது, எதிரே இன்னொன்றும் திறந்திருக்க வேண்டும். கேபினட்டும் அப்படியே. முன்பக்கம் உள்ளே, பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியே. சூடான காற்று தானாக மேலே ஏறும் என்பது உண்மைதான், ஆனால் ஃபேன் ஓடும் பெட்டிக்குள் அந்த விசை ஒரு பொருட்டே இல்லை. ஃபேன் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் காற்று போகும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.2 ஜூல் ஆற்றல் தேவை. உள்ளே 300 வாட் சூடு, வெளியேறும் காற்று உள்ளே வந்ததை விட 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், நொடிக்கு 25 லிட்டர் காற்று ஓட வேண்டும். ஃபேன் பெட்டியில் எழுதும் அளவுப்படி இது 53 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 53 கன அடி). ஒரு நல்ல 120 மி.மீ. ஃபேனில் 50, 60 என்று போட்டிருக்கும். அப்படியென்றால் ஒன்றே போதுமா? போதாது. அந்த எண், எதிரே எதுவும் இல்லாத திறந்த வெளியில் அளந்தது. முன்னால் வலை, அதன் பின்னால் தூசி ஃபில்டர், உள்ளே கேபிள் என்று வரும்போது பாதி கிடைத்தாலே பெரிது. ஆக, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. முதல் கணினிக்கு இந்த மூன்று ஃபேன் போதும். ஏழெட்டு ஃபேன் வைத்த கேபினட்டில் அலங்காரத்துக்குத்தான் பாதி.

இந்தக் கணக்கையே கெடுப்பது முன்பக்கக் கண்ணாடி. மூன்று ஃபேன் வைத்து, அதன் முன்னால் முழுக் கண்ணாடித் தகடு போட்டு, ஓரத்தில் ஒரு விரல் நுழையாத சந்து விட்டிருப்பார்கள். ஃபேன் என்னதான் சுற்றினாலும் அந்தச் சந்து வழியாக வரும் காற்றுதான் வரும். முன்பக்கம் முழுவதும் மெஷ் (வலை) உள்ள கேபினட்டாகப் பாருங்கள். கடையில் கையில் எடுத்து, மெஷ்ஷை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் ஓரளவு தெரிய வேண்டும். சிலவற்றில் வெளியே மெஷ் போலத் தெரியும், பின்னால் பிளாஸ்டிக் அடைத்திருக்கும். பக்கவாட்டில் கண்ணாடி இருந்தால் பரவாயில்லை, அங்கே காற்றுக்கு வேலை இல்லை.

கிராபிக்ஸ் கார்டை மறந்துவிடுகிறோம். கேம் ஆடும்போது பெட்டிக்குள் அதிகச் சூடு விடுவது பெரும்பாலும் அதுதான். ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், ஆர்டிஎக்ஸ் 4070 200 வாட். இரண்டு, மூன்று ஃபேன் வைத்த கார்டுகள் இந்தச் சூட்டை வெளியே விடாமல் கேபினட்டுக்குள்ளேயேதான் கொட்டும். அது மேலே வந்து ப்ராசசர் கூலருக்குள் போகும். “ப்ராசசர் சூடாகிறது, பெரிய கூலர் வாங்கட்டுமா?” என்று கேட்பவர்களில் பலருக்குத் தேவை கார்டின் சூட்டை வெளியே தள்ளும் ஒரு ஃபேன்தான்.

உள்ளே வரும் காற்று வெளியே போவதை விடக் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும். அப்போது இண்டு இடுக்கு வழியாகக் காற்று வெளியேதான் கசியும். தூசி ஃபில்டர் வழியாக மட்டும் வர முயலும், அங்கேயே மாட்டிக்கொள்ளும். வெளியே தள்ளும் ஃபேன்கள் அதிகமானால் ஒவ்வொரு சந்தும் தூசியை உறிஞ்சும். நம் தெருக்களின் தூசிக்கு இது சின்ன விஷயம் இல்லை. பின்னால் கார்டு போடாத ஸ்லாட் மூடிகளைக் கழற்றி எறியாமல் வைத்திருங்கள். பல்லியும் எறும்பும் நுழையும் வழி அது. பல்லி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) போனால் அதற்கும் நல்லதில்லை, கணினிக்கும் நல்லதில்லை.

ஃபேனின் திசை கண்டுபிடிப்பது சுலபம். குறுக்குச் சட்டமும் நடுவில் ஸ்டிக்கரும் வயரும் தெரியும் பக்கம் காற்று வெளியேறும் பக்கம். மெழுமெழுவென்று இறக்கைகள் தெரியும் பக்கம் இழுக்கும் பக்கம். சந்தேகமாக இருந்தால் ஓடவிட்டு ஒரு டிஷ்யூ பேப்பரைக் காட்டுங்கள்.

வைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கணினி மேசைகளில் சிபியு வைப்பதற்கென்று மூன்று பக்கமும் பலகை அடைத்த ஒரு அறை இருக்கும். கேபினட் தான் வெளியே விட்ட சூட்டுக் காற்றையே அதற்குள் திரும்ப இழுக்கும். வெளியே எடுத்து, பின்னால் சுவருக்கு அரை அடியாவது விட்டு வையுங்கள். எஸ்எம்பிஎஸ் அடியில் இருந்து அதன் ஃபேன் கீழ்நோக்கி இருந்தால், மிதியடி மேல் வைக்க வேண்டாம்.

மாட்டும்போது

கூலரின் செம்புப் பரப்பில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், “மாட்டுமுன் நீக்கவும்” என்று அதிலேயே எழுதியும் இருக்கும். அதை உரிக்காமல் மாட்டி, ஆன் செய்த ஒரு நிமிடத்தில் 100 டிகிரி பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. உரித்த பிறகு, ப்ராசசர் மூடியின் நடுவில் ஒரு பட்டாணி அளவு பேஸ்ட். கூலரை வைத்து அழுத்தும்போது அதுவே பரவிவிடும். பேஸ்ட்டின் வேலை இரண்டு உலோகங்களுக்கு நடுவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் உள்ள காற்றை நீக்குவது. அதற்கு மேல் தடிமனாக அப்பினால் அதுவே தடை. பெட்டியோடு வரும் கூலரில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், மேலும் போட வேண்டாம். திருகுகளை ஒரு மூலை, அதன் எதிர் மூலை என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

இன்டெலின் கூடவே வரும் கூலரில் திருகுக்குப் பதில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள். நான்கும் “டக்” என்று இறங்க வேண்டும். மதர்போர்டைத் திருப்பிப் பார்த்தால் நான்கு மூலைகளிலும் வெள்ளை முனை விரிந்து கறுப்பு ஊசி நடுவே தெரியும். ஒன்று இறங்காவிட்டாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். மதர்போர்டைக் கேபினட்டுக்குள் வைக்குமுன்பே இதைச் செய்து முடிப்பது உத்தமம்.

டவர் கூலரின் ஃபேன் ரேம் பக்கம் இருந்து, பின்பக்க ஃபேனை நோக்கித் தள்ள வேண்டும். அதன் வயர் மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் போக வேண்டும். வேறு எங்காவது மாட்டினால் ஆன் செய்ததும் பெரும்பாலும் ஃபேன் எரர் என்று நிற்கும். விளக்கு வயர்களில் மட்டும் அவசரம் கூடாது. 5 வோல்ட் மூன்று பின், 12 வோல்ட் நான்கு பின் என்று இரண்டு வகை உண்டு. 5 வோல்ட் விளக்கை 12இல் சொருகினால் அன்றோடு அது முடிந்தது.

ஓட்டிப் பார்த்து

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்து, நீங்கள் வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். ப்ராசசர், கார்டு இரண்டின் டிகிரியையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே கேம், அதே அரை மணி நேரம். இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் கேபினட் நன்றாகவே இருக்கிறது. ஏழெட்டு டிகிரி சட்டென்று குறைந்தால் கேபினட்டுக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். புதுக் கூலருக்குச் செலவழிக்காமல் ஃபேனையும் முன்பக்கத்தையும் கவனியுங்கள். எதுவும் குறையாமல் ப்ராசசர் மட்டும் கொதித்தால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது அந்த வாட்டுக்கு அது போதவில்லை.

சத்தம் தொந்தரவாக இருந்தால் பயாஸில் ஃபேன் வேகத்தை மாற்றலாம். வேகம் பாதியானால் காற்றும் ஏறக்குறைய பாதியாகும், ஆனால் சத்தம் அதை விட வெகுவாக இறங்கிவிடும். அதனால் ஒரு ஃபேனை அலற விடுவதை விட, இரண்டை மெதுவாக ஓட விடுவது மேல். ஏதாவது ஒரு சாளரத்தைத் திறந்தாலே ஃபேன் ஒரு நொடி உறுமி அடங்குகிறதா? வேகம் கூடுவதற்கு முன் சில நொடி தாமதிக்கச் சொல்லும் அமைப்பு பெரும்பாலான பயாஸில் இருக்கிறது, அதை வைத்தால் நின்றுவிடும்.

தூசி ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள், கழுவினால் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஐந்தாறு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ப்ளோயர் வைத்துக் கூலர் தகடுகளுக்கு இடையே இருக்கும் தூசியை ஊதி எடுக்கலாம். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அது தன் வேகத்தை மீறிச் சுழன்று பேரிங் கெடும்.